வெள்ளச்சிகள் பேசாத நாட்கள்

ஜூலை 4

விமானம் எங்கள் மூன்று பேரையும் கூழாங்கல் மேட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அவசரம் என்று கூப்பிட்டால் ஒழிய, இனி ஆகஸ்ட் நடுவில்தான் வரும்.

நான், கரடிக் காவலுக்குத் துப்பாக்கியோடு வந்திருக்கும் சைலா, புதிய படகோட்டி. சைலா இந்தப் பக்கத்து இனுயிட் பெண். மூன்றாவது வருடமாக என்னோடு வருகிறாள். படகோட்டி ஒரு தமிழன். கார்லா இதை என்னிடம் சொல்லவே இல்லை. துருவ வட்டத்துக்கு மேலே ஒரு தமிழ்க்குரல் கேட்டால் நான் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருக்கிறார். கார்லா எங்கள் ஆய்வுக்குழுவின் தலைவி. நல்ல மனுசி. ஆனால் இப்படியான ஆச்சரியங்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

பெயர் ரெமிஜியுஸ் மச்சாது. தூத்துக்குடி. ரெமி என்று கூப்பிடச் சொன்னான். பெட்டிகளை இறக்கிக்கொண்டே, "அக்காவுக்கு யாழ்ப்பாணமா? அங்கயிருந்து பாத்தா எங்க ஊரு எட்டிப்பிடிக்கிற தூரந்தான்" என்றான். முன்பு என்ன வேலை என்று கேட்டேன். தாது ஏற்றும் கப்பலில் எஞ்சினியராம். இந்த வடகடலிலும் ஓடியிருக்கிறானாம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு இதைக் கொஞ்சம் யோசித்தேன். இந்த ஆற்றுவாயை உரசிக்கொண்டு தாதுக்கப்பல் விடத்தான் சுரங்கக் கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. செப்டம்பரில் விசாரணை. பெலூகாத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு இங்கே வந்து தங்குகின்றன என்பதற்கு ஒலிப்பதிவு காட்டினால் பாதை மாறும். காட்டாவிட்டால் கப்பல் வரும். போன வருடம் எங்கள் திமிங்கில வரைபடம் நாங்கள் வெளியிடுவதற்கு முன்பே கம்பெனிக்காரர்களின் மேசையில் இருந்தது. யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. இந்த வருடம் அவர்களுடைய கடலில் ஓடியவன் என் படகை ஓட்டுகிறான்.

கார்லாவுக்கு இதெல்லாம் தற்செயல்.

ஜூலை 6

மைக் இறக்கியாயிற்று. ஹைட்ரோஃபோன் என்று எழுதவேண்டும், ஆனால் தண்ணீருக்குள் வைக்கும் மைக்தான் அது. ஆற்றுவாயின் நடுவில் தொங்குகிறது, கேபிள் என் கூடாரம் வரை வருகிறது. கயிறு, மிதவை எல்லாவற்றையும் நானே கட்டினேன். மைக்குக்குக் கிட்ட இரும்பு கூடாது என்று ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்குத் தொண்டை கிழியச் சொல்வேன். இரும்பு உரசினால் கடல் முழுக்கக் கேட்கும். இவனுக்கும் சொன்னேன். "சரிக்கா, கயிறே போதும்" என்றான். மிகவும் பணிவு. பணிவானவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

குளிர் உடுப்புக்கு மேலே இடுப்பில் நீலக்கட்டம் போட்ட சாரம் ஒன்றைச் சுற்றிக்கொண்டு சமைக்கிறான். சைலா விழுந்து விழுந்து சிரித்தாள். கருவாட்டுக் குழம்பு மோசமில்லை.

ஜூலை 8

வந்துவிட்டன.

காலையில் ஹெட்போனை மாட்டியதும் கிளிக்கூட்டமும் எண்ணெய் காணாத கதவும் சண்டை பிடிப்பதுபோல ஒரே சத்தம். வெளியே ஓடினேன். வெள்ளை முதுகுகள் ஆற்றுவாய் நிறைய. வெதுவெதுப்பான ஆற்றுத்தண்ணீரில் கூழாங்கல்லோடு உடம்பைத் தேய்த்துப் பழைய தோலை உரித்துக்கொண்டிருந்தன. சாம்பல் நிறக் குட்டிகள் அம்மாக்களின் விலாவோடு ஒட்டியிருந்தன. இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் கண்ணில் தண்ணீர் வருகிறது.

ரெமி கரையில் நின்று, "யம்மாடி, எம்புட்டு வெள்ளச்சிங்க!" என்று கத்தினான். வெள்ளச்சி நல்ல பெயர்தான். அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை 10

ஒவ்வொரு மாலையும் சாப்பிட்டபின் தனியாகத் தெற்குக் கொம்புக்கு நடக்கிறான். ஆற்றுவாயின் தென்கரையில் கொம்புபோல நீண்டிருக்கும் கல்திட்டு அது. கையில் எதையோ மூடிப் பிடித்திருக்கிறான். அங்கே போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்து வாயசைக்கிறான். தொலைநோக்கியில் பார்த்தேன். கையில் இருப்பது செய்தி சொல்லும் கருவியா? ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் கூடாரத்திலேயே பேசலாமே.

"நெடுக அங்க போய் என்ன செய்யிறீர்?" என்று கேட்டேன்.

"சும்மாதாங்க்கா, காத்தாட" என்றான். துருவக்காற்றில் காத்தாடப் போகிறானாம்.

ஜூலை 11

ஒரு வேலை செய்தேன். சைலாவும் ரெமியும் குடிதண்ணீர் எடுக்க மேலாற்றுக்குப் போன நேரம் சின்ன ரப்பர் படகை எடுத்துக்கொண்டு போய், கொம்புக்குப் பக்கத்து வாய்க்காலில் இரண்டாவது மைக்கை இறக்கினேன். இதற்குக் கேபிள் கிடையாது, தானே பதிந்துகொள்ளும். எவனாவது படகில் வந்து இவனைச் சந்தித்தால் அகப்படுவான்.

மிதவை கட்டினால் இவன் கண்ணில் பட்டுவிடும். கயிறும் மேலே மிதக்கும். அதனால் ஸ்டோரில் கிடந்த நங்கூரச் சங்கிலியைக் கட்டித் தாழ்த்தினேன். நான் மாணவர்களுக்குச் சொல்வது எனக்கும் தெரியும். ஆனால் முதல் மைக் தூரத்தில் இருக்கிறது, சங்கிலிக்கு டேப் சுற்றியிருக்கிறேன், நாலைந்து நாள் வேலைதானே.

கார்லாவிடம் சொல்லவில்லை. சைலாவிடமும் இல்லை. சைலா இப்போது அவனிடம் தமிழில் "டீ" கேட்கிறாள்.

ஜூலை 13

பின்னேரம் ஹெட்போனில் புதிதாக ஒரு சத்தம். கர்ர், கர்ர் என்று கல்லை எதுவோ அராவுவதுபோல. கொஞ்ச நேரத்தில் வெள்ளச்சிகளின் பேச்சு குறைந்தது. பிறகு அடியோடு நின்றது.

பெலூகாக்களைத் தின்னும் ஓர்க்காத் திமிங்கிலம் வந்தால்தான் அவை இப்படி வாயை மூடும். ஓர்க்கா இல்லை. சைலா மேட்டில் ஏறி நின்று சுற்றிவரப் பார்த்தாள்.

ரெமி கூடாரத்தில் இல்லை. கொம்பில் இருந்தான்.

ஜூலை 14

இன்றும் அதே சத்தம். நேற்றைவிடச் சற்றுப் பிந்தி வந்தது. தாய்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கடலுக்கு நகர்ந்துவிட்டன. ஆற்றுவாயில் நாலைந்து ஆண் திமிங்கிலங்கள் மட்டும், அவையும் பேசாமல்.

அவன் எதையோ அங்கே போட்டிருக்கிறான். திமிங்கிலத்தைத் துரத்தும் கருவி. வலையில் கடல்நாய் சிக்காமல் இருக்க மீன்பிடிக் கம்பெனிகள் போடுகிறார்களே, அதுபோல ஒன்று. இப்போது எல்லாம் பொருந்துகிறது.

ஜூலை 15

இன்று இன்னும் பிந்தி. கெட்டிக்காரன். ஒரே நேரத்தில் வைத்தால் பிடிபடுவோம் என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிவைக்கிறான். கப்பல் எஞ்சினியருக்கு டைமர் வைக்கத் தெரியாதா?

பகலில் என் கூடாரத்து வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஸ்டோர்ல ஒரு சங்கிலியக் காணல. நீங்க எங்கயும் எறக்கிருக்கியளா?"

இவனுக்கு எப்படித் தெரியும்? ஆழம் பார்க்கிறான்.

"இல்லையே. கரடி கொண்டுபோயிருக்கும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "இல்ல, வாய்க்கா பக்கம் ஒரு உராயுத சத்தம் வருதுல்லா, அதான் கேட்டேன்" என்றான்.

ஹெட்போன் என்னிடம் இருக்கிறது. அந்தச் சத்தம் இவனுக்கு எப்படிக் கேட்டது? நானும் பிடி கொடுக்கவில்லை. "வேலை கிடக்குது, பிறகு கதைப்பம்" என்று திரைச்சீலையை இழுத்து விட்டேன்.

ஜூலை 16

ஆற்றுவாய் காலி. ஒரு முதுகுகூட இல்லை. பதிவில் தண்ணீரும் அந்த அராவலும் மட்டும்.

தோல் உரிக்காமல் அவை வெளியே குளிரில் அலையும். குட்டிகளுக்கு அங்கே ஓர்க்கா. இதே வெற்றுப் பதிவை செப்டம்பரில் கம்பெனி வக்கீல் மேசையில் வைத்து, "பாருங்கள், இங்கே திமிங்கிலமே வருவதில்லை" என்பான். சாப்பிடவில்லை.

எங்கள் ஊரில் போர்க்காலத்தில் இராணுவத்தினர் எல்லோரையும் வெயிலில் வரிசையாக நிறுத்துவார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருப்பான். தலையாட்டி என்போம். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். சாக்குக்குள் இருப்பவன் யாரென்று தெரியாது, ஆனால் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவனாகத்தான் இருப்பான். என் மாமா மகன் மோகனதாஸ் அப்படித்தான் போனான். அவன் ஒன்றுமே செய்யவில்லை. கூட இருப்பவனை நம்பக்கூடாது என்று நான் படித்தது புத்தகத்தில் அல்ல.

ஜூலை 17

கையும் களவுமாகப் பிடித்தேன்.

நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பெரிய படகை எடுத்தான். இங்கே இப்போது சூரியன் மறைவதில்லை, எல்லாம் பட்டப்பகல்தான். எஞ்சினைப் போடாமல் துடுப்பு வலித்து வாய்க்காலுக்குப் போனான். தனியாகப் படகில் போகக்கூடாது என்பது முகாமின் முதல் சட்டம். இந்தத் தண்ணீரில் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் ஆள் விறைத்துப்போவான். அப்படியிருந்தும் போனான் என்றால் காரியம் எவ்வளவு அவசரமாக இருக்கும்?

தொலைநோக்கியில் பார்த்தேன். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு எதையோ இழுத்தான். முதுகு இந்தப் பக்கம், என்ன செய்தான் என்று தெரியவில்லை. திரும்பிவந்தபோது தோள்வரை நனைந்து பல்லெல்லாம் கிட்டிப்போயிருந்தது. நான் வெளியே வரவில்லை.

சாட்டிலைட் போனில் கார்லாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால் அவனைப் பற்றியதை. "நளா, நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

நிச்சயம் என்றேன்.

ஜூலை 18

பனிமூட்டம். விமானம் நாளைதான். கார்லா அவனிடம் போனில் பேசினார். தனியாகப் படகில் போனதை ஒத்துக்கொண்டானாம். ஏன் போனாய் என்றதற்கு, "நளாயினியிடம் கேளுங்கள்" என்றானாம். என்ன துணிச்சல்! எனக்கென்ன தெரியும் என்று கார்லாவிடம் சொன்னேன்.

ஹெட்போனில் இன்று அராவல் இல்லை. பிடிபட்டதும் கருவியை எடுத்துவிட்டான்.

சைலா என்னோடு பேசவில்லை. கடைசியில் அவளாகவே சொன்னாள்: அவன் கொம்பில் உட்கார்ந்து செபம் செய்கிறானாம். கையில் இருப்பது செபமாலையாம். ஊரில் மனைவிக்கு இந்த மாதம் பிரசவமாம், போன முறை பிள்ளை தங்கவில்லையாம். "உனக்குத் தெரியாதா? ஒரு மொழிதானே பேசுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

செபம் செய்பவன் வேறெதுவும் செய்யமாட்டானா என்ன?

ஜூலை 19

போய்விட்டான்.

விமானம் இறங்கும்போது பையைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வாய்க்கால்ல நீங்க வச்சிருக்க மைக்க எடுத்துக் கேட்டியளா, இல்லையா?"

மைக் இருப்பது தெரிந்திருக்கிறது. நான் எடுக்கவில்லை. ரப்பர் படகு அன்றே கல்லில் உரசிக் கிழிந்துவிட்டது, பெரிய படகை எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் கேட்கவில்லை என்று சொன்னால் இவன் தப்பித்துவிடுவான். கேட்டேன் என்றால் தானாக உண்மையைக் கக்குவான் என்று நினைத்தேன்.

"கேட்டனான். எல்லாம் கேட்டனான்" என்றேன்.

அவன் எதையும் கக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் சிவந்துவிட்டது.

"கேட்டுட்டுமா?" என்றான். பிறகு, "சரி மேடம். நான் வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரவுச் சாப்பாடு பிஸ்கட்.

ஜூலை 20

வந்துவிட்டன! தாய்களும் குட்டிகளும் எல்லாம். பதிவு நிறைந்து வழிகிறது. கார்லாவைக் கூப்பிட்டு, "பார்த்தீர்களா, ஆள் போன மறுநாளே" என்றேன். குரல் எனக்கே சகிக்கவில்லை.

ஆனாலும் நான் நினைத்ததுதானே சரி.

ஜூலை 22

புதிய படகோட்டி வரும்வரை சைலாதான் படகு ஓட்டுகிறாள். இரண்டாவது மைக்கைப் பற்றி அவளிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அவள் படகைத் தள்ளினாள். வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

சங்கிலியை இழுத்தேன். கை வழுக்கியது. இரும்பு இல்லை, துணி. தண்ணீருக்குள்ளிருந்து நீலக்கட்டம் மேலே வந்தது. ரெமியின் சாரத்தை நீளநீளமாகக் கிழித்துச் சங்கிலி முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு சாணுக்கும் தூண்டில் நரம்பால் கட்டியிருந்தது. என் டேப்பின் மிச்சம் ஓரிடத்தில் நார்நாராகத் தொங்கியது. அதற்குக் கீழே கல்லில் தேய்ந்து இரும்பு பளபளவென்றிருந்தது.

சைலா துணியைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் வடிகிற திசையைப் பார்த்தாள். "வற்றும்போது இழுவை இங்கேதான் பலம்" என்றாள்.

வற்று. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தித்தான் கடல் வற்றும். கடல் சூழ்ந்த காரைநகரில் பிறந்தவள் நான். டைமராம், டைமர்.

மாலை

மைக்கின் பதிவைக் கேட்டேன். பதினேழாம் தேதி. துடுப்புச் சத்தம் வருகிறது. சங்கிலி கலகலக்கிறது. மைக் தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் எல்லாம் அடைத்துப்போகிறது, காற்றில் அது பாதிச் செவிடு. பிறகு யாரோ வாயருகே கொண்டுபோய்ப் பிடிக்கிறார்கள். நடுங்கும் குரல்.

"அக்கா, கேக்குதா? நேர்ல சொன்னா கோவப்படுதீங்க. அதான் இதுலயே சொல்லுதேன், நீங்க எப்படியும் எடுத்துக் கேப்பீங்கல்லா. உங்க சங்கிலி கல்லுல உராயுதுக்கா. கொம்புல உக்காந்தா தண்ணி வத்துதப்ப நல்லாக் கேக்குது. அதான் வெள்ளச்சிங்க பயந்துட்டு. துணி சுத்திவுடுதேன், கொஞ்ச நாளு தாங்கும். அப்புறம் கயிறா மாத்திருங்க. கார்லாட்ட நான் சொல்லல. தெரிஞ்சா இந்த வருசப் பதிவே செல்லாதும்பாங்க, உங்க பேரும் கெட்டுரும். நீங்களாச் சொன்னாச் சொல்லுங்க." பல் கிட்டும் சத்தம். "யப்பா, என்னா குளிரு. வச்சிருதேன்க்கா."

பிறகு தண்ணீர்.

இதைத்தான் நான் கேட்டுவிட்டதாக நினைத்திருக்கிறான். இதைக் கேட்டபின்னும் அவனை விமானத்தில் ஏற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருக்கிறான்.

அன்று ஜீப்புக்குள் இருந்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. இங்கே தலையாட்டியவள் யாரென்று தெரியும்.

ஜூலை 23

கார்லாவிடம் சொன்னேன். இந்த முறை உண்மையிலேயே எல்லாவற்றையும். அவர் இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டார். பிறகு, "ரெமியிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். நீ முதலில் கேள்" என்றார். அறிக்கையில் நடந்தது நடந்தபடி என் பெயரோடு போகும். கம்பெனி வக்கீல் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார். கிழிக்கட்டும். ஒரு சின்னச் சங்கிலிக்கே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவை, கப்பல் வந்தால் என்ன செய்யும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அடுத்த வருடம் என்னை இங்கே அனுப்புவார்களா என்று கார்லா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 24

ரெமி தெற்கே நகரத்தில் ஒரு நண்பன் வீட்டில் இருக்கிறான். மூன்றாவது முறை கூப்பிட்டபோது எடுத்தான்.

"தம்பி, நான் நளாயினி" என்றேன். அவனை இதற்கு முன் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன். கேட்டேன் என்றது பொய், நேற்று முன்தினம்தான் கேட்டேன், என்னை மன்னியும், என்னுடைய பிழை, முழுக்க என்னுடைய பிழை என்று ஒரே மூச்சில். நான் அழுதது அவனுக்குக் கேட்டிருக்கும்.

"பரவால்ல மேடம். கார்லா மேடமும் பேசுனாங்க. திரும்ப வரச் சொன்னாங்க. வரலன்னுட்டேன்."

"வீட்டில..?"

"பொம்பளப் புள்ள. நேத்து. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க." பிறகு, "வெள்ளச்சிங்க வந்துட்டா?" என்று கேட்டான்.

போனை ஸ்பீக்கரோடு சேர்த்து வைத்தேன். ஆற்றுவாய் முழுக்கக் கிளியும் கதவும் விசிலும். நடுவே தாயைத் தேடும் ஒரு குட்டியின் மெல்லிய குரல். அவன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"குட்டி சத்தம் நல்லாக் கேக்குது மேடம்" என்றான். "வைக்கட்டா மேடம்?"

வைத்துவிட்டான். கடைசிவரை அக்கா என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.